சில்லறைத் திருடனும் பெரிய கொள்ளையும்: செஸ்டர் ஹைம்ஸின் ஹார்லெம் நாவல்களை முன்வைத்து



அண்ணாபாவ் சாத்தே நினைவாக நிகழும் இந்த உரைக்கு இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு குற்ற நாவல். நினைவுரைக்குத் துப்பறியும் கதையா என்று சிலருக்குத் தோன்றலாம். தலித் இலக்கியம் என்றதும் தன்வரலாறு, கவிதை, வலியின் வாக்குமூலம் என்றுதான் பேசிப் பழகியிருக்கிறோம். பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மாத நாவலை நம் பேச்சுக்குள் கொண்டுவருவதில்லை. திருட்டு, துரத்தல், துப்பாக்கி, ஏமாற்று என்று ஒரே மூச்சில் ஓடும் கதையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

சாத்தே அப்படி ஒதுக்கியவர் அல்ல. ஒன்றரை நாள் மட்டுமே பள்ளிக்கூடம் போனதாகச் சொல்லப்படும் அவர், போவாடாவையும் தமாஷாவையும் கையில் எடுத்து ஆலைத் தொழிலாளர்கள் முன் நின்றவர். கூட்டம் எழுந்து போகாமல் கேட்க வேண்டும் என்பது அவருடைய கலையின் முதல் விதி. அவருடைய புகழ்பெற்ற நாவலான ஃபகீராவின் நடுவில் இருப்பதும் ஒரு கொள்ளைதான். அந்த நாவல் 1959இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1957இல், அமெரிக்காவில் ஒரு மலிவுவிலைப் பதிப்பு நாவல் வெளியானது. எழுதியவர் செஸ்டர் ஹைம்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர். அதிலும் திருட்டு உண்டு. அது சொதப்பிப்போன திருட்டு. இருவரும் ஒருவரையொருவர் வாசித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இருவரும் எழுப்பும் கேள்வி ஒன்று: ஒடுக்கப்பட்டவன் திருடும்போது, அதற்கு முன்பே நடந்து முடிந்த பெரிய திருட்டை யார் விசாரிப்பது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஹைம்ஸின் வாழ்க்கையையும் இரண்டு நாவல்களையும் பார்ப்போம். பிறகு ஃபகீராவுக்குத் திரும்பி, நம் எழுத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்போம்.

ஒரு கொள்ளையும் இருபது ஆண்டுத் தண்டனையும்

ஹைம்ஸ் 1909இல் மிசௌரி மாநிலத்தின் ஜெஃபர்சன் சிட்டியில் பிறந்தார். தந்தை கறுப்பினக் கல்லூரிகளில் கொல்லுவேலை முதலான கைத்தொழில் கற்பித்த ஆசிரியர். வறுமையில் உழன்ற குடும்பம் என்று சொல்ல முடியாது. படித்த, ஓரளவு வசதியான குடும்பம்தான். ஆனால் படிப்பும் வசதியும் தோலின் நிறத்தை மறைக்காது என்பதைச் சிறுவயதிலேயே அந்தக் குடும்பம் அறிந்துகொண்டது. பள்ளியில் ஒரு வேதியியல் செய்முறையின்போது வெடித்து, ஹைம்ஸின் அண்ணன் ஜோசப்பின் கண்கள் பாதிக்கப்பட்டன. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளையருக்கான மருத்துவமனை சேர்க்க மறுத்தது. ஜோசப் பார்வை இழந்தார். பின்னாளில் அவர் படித்துச் சமூகவியல் பேராசிரியரானார். வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அந்த நாளைத் தம்பி கடைசிவரை மறக்கவில்லை. தன் தன்வரலாற்றில் அதை எழுதினார்.

இளைஞரான ஹைம்ஸ் கிளீவ்லாந்தில் ஒரு ஓட்டலில் எடுபிடி வேலை பார்த்தபோது லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகெலும்பு முறிந்தார். பிறகு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், அங்கே நிலைக்கவில்லை. சூதாட்டம், கள்ளச்சாராயம், சிறு மோசடி என்று ஒரு தெருவாழ்க்கை தொடங்கியது. 1928 நவம்பரில் ஒரு பணக்கார வெள்ளைத் தம்பதியின் வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைந்து பணமும் நகையும் பறித்தார். அவர்களுடைய காரையே எடுத்துக்கொண்டு தப்பினார். அங்கிருந்து சிகாகோ. அங்கே ஓர் அடகுக்கடையில் நகையை விற்கப் போனபோது பிடிபட்டார். கைதானபின் தன்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

கொள்ளையடிக்கத் தெரிந்தவருக்குக் கொள்ளைப் பொருளை விற்கத் தெரியவில்லை. சில்லறைத் திருடனின் கதை பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது. பூட்டை உடைப்பது எளிது. நகையைப் பணமாக்க ஆள் வேண்டும், கடை வேண்டும், கேள்வி கேட்காத உறவு வேண்டும். இவையெல்லாம் ஏற்கெனவே சமூகத்தில் வேர்விட்டவனிடம்தான் இருக்கும். கறுப்பு இளைஞன் கையில் விலையுயர்ந்த நகை இருப்பதே அவனுக்கு எதிரான சாட்சி.

தீர்ப்பு வந்தது: இருபது முதல் இருபத்தைந்து ஆண்டு கடுங்காவல். அப்போது அவருக்கு வயது 19.

கைதி எண் 59623

ஓஹையோ சிறையில் ஹைம்ஸ் ஏழரை ஆண்டு இருந்தார். 1936இல் பரோலில் வெளியே வந்தார். எழுத்தாளரானது இந்த இடைவெளியில்தான். ஒரு தட்டச்சுப் பொறி வாங்கிக்கொண்டு சிறைக்குள்ளிருந்தே கதைகள் எழுதினார். முதலில் கறுப்பினப் பத்திரிகைகள் அவற்றை வெளியிட்டன. 1934இல் எஸ்கொயர் என்ற பெரிய இதழ் வெளியிட்டது. தொடக்கத்தில் அந்த இதழில் அவருடைய பெயருக்குப் பதிலாக அச்சானது அவருடைய சிறை எண்: 59623.

அந்தக் கதைகளில் ஒன்றுக்குப் பின்னால் உண்மையான பேரழிவு ஒன்று இருக்கிறது. 1930 ஏப்ரல் 21 அன்று ஓஹையோ சிறையில் தீப்பிடித்தது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்காகக் கட்டிய சிறையில் அன்று நாலாயிரத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். அறைகளின் பூட்டுகள் நேரத்துக்குத் திறக்கப்படவில்லை. 322 கைதிகள் இறந்தார்கள். ஹைம்ஸ் அதைக் கண்ணால் பார்த்தார். சில டாலர் திருடியவர்களும் கொலை செய்தவர்களும் ஒரே புகையில் செத்தார்கள். நீதிமன்றம் கொடுத்த தண்டனை வேறு, அவர்களுக்குக் கிடைத்தது வேறு. குற்றத்துக்கும் தண்டனைக்கும் நடுவே அளவுகோல் எதுவும் கிடையாது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அங்கே நின்று தெரிந்துகொண்டார்.

வெளியே வந்தபின் அவர் எழுதியவை குற்ற நாவல்கள் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிஃபோர்னியாவில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை பார்த்தார். அந்த அனுபவத்திலிருந்து 1945இல் ஒரு நாவல் வந்தது. கப்பல் தளத்தில் சிறு பொறுப்பில் இருக்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளி நான்கைந்து நாட்களில் எப்படி நொறுக்கப்படுகிறான் என்பது அதன் கதை. 1947இல் வந்த அடுத்த நாவல் தொழிற்சங்கத்தையும் இடதுசாரிகளையும் கேள்வி கேட்டது. அதை வலதும் தாக்கியது, இடதும் தாக்கியது, கறுப்பின விமர்சகர்களும் தாக்கினார்கள். கோபத்தை நேரடியாக எழுதியவருக்குச் சொந்த நாட்டில் இடம் குறைந்துகொண்டே போனது. 1953இல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனார்.

பாரிஸில் எழுதிய ஹார்லெம்

பாரிஸில் மார்செல் துய்யமேல் என்ற பதிப்பாசிரியர், காலிமார் நிறுவனத்துக்காகக் குற்ற நாவல் வரிசை ஒன்றை நடத்திவந்தார். ஹைம்ஸின் 1945ஆம் ஆண்டு நாவலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. கையில் காசில்லாமல் இருந்த ஹைம்ஸிடம் அவர் ஒரு துப்பறியும் நாவல் கேட்டார். எனக்கு அது எழுதத் தெரியாது என்றார் ஹைம்ஸ். துய்யமேல் சொன்ன வழி எளிமையானது: பாத்திரம் என்ன நினைக்கிறான் என்று எழுதாதே, என்ன செய்கிறான் என்று எழுது. பேச்சு இருக்கட்டும், அசைவு இருக்கட்டும், திரைப்படம்போல் ஓடட்டும்.

ஹைம்ஸ் ஓர் ஏமாற்று வித்தையிலிருந்து தொடங்கினார். முதல் பக்கங்களில் போலீசே இல்லை. துப்பறியும் நாவலில் போலீஸ் இல்லாமல் எப்படி என்று பதிப்பாசிரியர் கேட்டபிறகுதான் இரண்டு கறுப்பினத் துப்பறிவாளர்கள் உள்ளே வந்தார்கள். இது சிறு தகவல்போலத் தெரியும். ஆனால் நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவது இதுதான். அவர் மனத்தில் முதலில் இருந்தவர் ஏமாற்றப்பட்ட ஆள். சட்டம் பிறகுதான் வந்தது.

அமெரிக்காவில் 1957இல் மலிவுவிலைப் பதிப்பாக வந்த இந்த நாவல், பின்னாளில் "எ ரேஜ் இன் ஹார்லெம்" என்ற பெயரில் நிலைத்தது. பிரெஞ்சில் வந்தபோது 1958இல் குற்ற இலக்கியத்துக்கான அந்நாட்டின் பெரிய பரிசைப் பெற்றது. அதே 1958இல்தான் மும்பையில் முதல் தலித் இலக்கிய மாநாட்டைச் சாத்தே தொடங்கிவைத்தார்.

பத்து நூறாகும் கதை

கதையைச் சொல்வோம். ஜாக்சன் பருத்த உடம்பு, பக்தி, அப்பாவித்தனம் கொண்ட ஆள். ஹார்லெமில் கிளே என்ற கறுப்பின முதலாளியின் இறுதிச்சடங்கு நிறுவனத்தில் சவ ஊர்தி ஓட்டுவது முதலான வேலைகளைச் செய்பவன். இமபெல் என்ற பெண்ணின் மேல் உயிராக இருக்கிறான். அவனுடைய மொத்தச் சேமிப்பு 1,500 டாலர். ஒரு கும்பல் அவனிடம் சொல்கிறது: எங்களிடம் ஒரு ரசாயனத் தாள் இருக்கிறது. பத்து டாலர் நோட்டுகளை அதில் சுற்றி அடுப்பில் வைத்தால் அவை நூறு டாலர் நோட்டுகளாகிவிடும்.

சிரிப்பு வருகிறதா? நம் செய்தித்தாள்களில் பணம் இரட்டிப்பு மோசடி, ரசாயனம் தடவிய கறுப்பு நோட்டு, இரிடியம் கலசம் என்று படிப்பது வேறென்ன? ஜாக்சன் 1,500 டாலரையும் பத்து டாலர் நோட்டுகளாக மாற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறான். அடுப்பு வெடிக்கிறது. கதவை இடித்துக்கொண்டு அரசு அதிகாரி ஒருவர் நுழைகிறார். எல்லோரும் ஓடிவிடுகிறார்கள், ஜாக்சன் மட்டும் மாட்டுகிறான். அந்த அதிகாரியும் கும்பலின் ஆளே என்பது அவனுக்குத் தெரியாது. அவருக்கு லஞ்சம் கொடுக்க, தன் முதலாளியின் பெட்டியிலிருந்து பணம் திருடுகிறான். லஞ்சம் போக மிஞ்சியதை வைத்து இழந்ததை மீட்கலாம் என்று பகடை ஆடுகிறான். அதுவும் போகிறது.

ஒரே இரவில் நேர்மையான உழைப்பாளி ஒருவன் கள்ளநோட்டுக் குற்றவாளி, லஞ்சம் கொடுத்தவன், முதலாளி வீட்டுத் திருடன், சூதாடி என்று நான்கு குற்றம் செய்தவனாகிவிடுகிறான். ஒவ்வொரு குற்றமும் முந்தைய நஷ்டத்தை ஈடுகட்டச் செய்தது. இந்த நாவல் ஏன் இத்தனை வேகமாக ஓடுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. இருப்பு உள்ளவனுக்கு நஷ்டம் வந்தால் உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்கும். கடைசிக் காசையும் இழந்தவனுக்கு விடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கடன் வாங்கி வட்டி கட்டி, வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கிய எந்தக் குடும்பத்துக்கும் இந்த ஓட்டம் தெரியும்.

ஜாக்சன் உதவி கேட்டுப் போவது தன் இரட்டைச் சகோதரன் கோல்டியிடம். அவன் கன்னியாஸ்திரி உடையில், சிஸ்டர் கேப்ரியல் என்ற பெயரில், 125ஆம் தெருவில் நின்று சொர்க்கத்துக்கு டிக்கெட் விற்பவன். போலீசுக்கு ஆள்காட்டியும் அவன்தான். இமபெல்லிடம் ஒரு பெட்டி நிறையத் தங்கத் தாது இருப்பதாகக் கேள்விப்பட்டதும் அவனுக்கு ஆசை வருகிறது. கும்பலுக்கும் அந்தப் பெட்டி வேண்டும். கோல்டி கழுத்தறுபட்டுச் சாகிறான். அண்ணன் தம்பியில் ஒருவனின் பிணமும் தங்கப் பெட்டியும் பின்னால் இருக்க, மற்றவன் சவ ஊர்தியை ஓட்டிக்கொண்டு போலீசுக்குத் தப்பி ஹார்லெம் சந்தைக்குள் புகுந்து எல்லாவற்றையும் சிதறடித்தபடி போகும் காட்சி, குற்ற நாவல் வாசகர்கள் மறக்காத ஒன்று. வாசிக்கும்போது சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் சங்கடமாக இருக்கிறது.

கடைசியில் அந்தத் தங்கம் தங்கமே இல்லை. பார்வைக்கு மட்டும் மின்னும் பைரைட் கல். இத்தனை உயிர் போனது ஒன்றுமில்லாத ஒரு பெட்டிக்காக. ஜாக்சனுக்குப் பழைய முதலாளியிடமே வேலை திரும்பக் கிடைக்கிறது. நாவல் முழுக்கக் கைமாறிய செல்வங்களில் உண்மையானது என்று கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: பிணம் சுமந்து ஓர் உழைப்பாளி சேர்த்த 1,500 டாலர்.

ஜாக்சனின் வேலையை நாம் கவனிக்காமல் போக முடியாது. இனப்பிரிவினை நிலவிய அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் இறுதிச்சடங்கைக் கறுப்பின நிறுவனங்களே நடத்தின. அதனால் அது கறுப்பினத்தவர் முதலாளியாக முடிந்த மிகச் சில தொழில்களில் ஒன்றானது. நம் ஊரில் குழிவெட்டுவதும் பிணம் எரிப்பதும் பறையடித்துச் சாவு சொல்வதும் சாதியின் பெயரால் சுமத்தப்பட்டன. அங்கே ஒதுக்கல் ஒரு சந்தையை உண்டாக்கியது. இங்கே கூலிகூட இல்லாத கட்டாயத்தை உண்டாக்கியது. இரண்டு நாட்டையும் ஒப்பிடும்போது ஒற்றுமையோடு இந்த வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும்.

பஞ்சுப் பொதிக்குள் பணம்

ஜாக்சனின் கதையில் திருடர்களும் கறுப்பர்கள், பறிகொடுத்தவனும் கறுப்பன். அப்படியானால் இது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் கதைதானே என்று கேட்கலாம். அன்றே கேட்டவர்கள் உண்டு. இதற்கான விடையை ஹைம்ஸ் பிறகு எழுதிய "காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்" நாவலில் தெளிவாகப் பார்க்கலாம். அது அமெரிக்காவில் 1965இல் வெளிவந்தது.

டீக் ஓமாலி என்ற போதகர், சிறைக்குப் போய்வந்த மோசடிக்காரர். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போவோம் என்று ஓர் இயக்கம் தொடங்குகிறார். 1920களில் மார்கஸ் கார்வி உண்மையாகவே நடத்திய பெரிய இயக்கத்தின் நினைவு ஹார்லெம் மக்களுக்கு இருக்கிறது. 87 குடும்பங்கள் ஆளுக்கு 1,000 டாலர் கட்டுகின்றன. மொத்தம் 87,000 டாலர். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே முகமூடி அணிந்த வெள்ளையர்கள் துப்பாக்கியோடு வந்து பணத்தைப் பறித்துப் போகிறார்கள். போகிற வழியில், பணத்தை ஒளித்துவைத்த பஞ்சுப் பொதி வண்டியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறது. கொள்ளை சொதப்பிவிட்டது. தெருவில் பழைய சாமான் பொறுக்கும் ஒரு முதியவர் அந்தப் பொதியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்.

இதற்கிடையே தெற்கிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் கர்னல், ஹார்லெமிலேயே அலுவலகம் திறந்து, தெற்கின் பருத்திக் காடுகளுக்கே திரும்பி வாருங்கள் என்று கறுப்பினத்தவரை அழைக்கிறார். பஞ்சுப் பொதி ஒன்று வேண்டும் என்று விளம்பரமும் கொடுக்கிறார்.

பணத்தை எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வைத்திருக்கலாம். ஹைம்ஸ் அதைப் பஞ்சுப் பொதிக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஹார்லெமில் இருப்பவர்களின் தாத்தாக்களும் பாட்டிகளும் அடிமைகளாகவும் குத்தகைக் கூலிகளாகவும் பறித்தது பருத்தி. அமெரிக்கச் செல்வத்தின் ஒரு பெரும் பகுதி அந்தப் பருத்தியில் விளைந்தது. அந்தக் கூலி கொடுக்கப்படவே இல்லை. இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் சேமிப்பு, நியூயார்க் தெருவில், அதே பஞ்சுக்குள் கிடக்கிறது. யார் யாரிடம் திருடினார்கள் என்று அறிய, இந்தப் பொதியின் வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார் ஹைம்ஸ். ஒரு வார்த்தைகூட விளக்கமாகச் சொல்லாமல் இதைச் சொல்கிறார்.

முடிவும் அப்படித்தான். துப்பறிவாளர்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. கர்னலை வளைத்துப்பிடித்து, தப்பிக்க வழிவிடுகிறோம், 87,000 டாலரை நீ கொடு என்று வாங்கிக் குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். உண்மையான பணமோ பழைய சாமான் பொறுக்கிய முதியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் அதோடு ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார். போதகர் பொய்யாகச் சொன்ன பயணத்தை, கூட்டத்தில் யாருமே கவனிக்காத ஒருவர் உண்மையாக்கிவிட்டார். சட்டப்படி பார்த்தால் இந்த முடிவில் எல்லாமே தவறு. வாசகருக்குக் கணக்கு நேராகிவிட்டது என்ற நிறைவு கிடைக்கிறது.

இரண்டு போலீஸ்காரர்கள்

ஹைம்ஸைப் புகழ்ந்துவிட்டுப் போவது நம் வேலை அல்ல. அவருடைய நாவல்களில் நமக்கு இடறும் இடங்கள் உண்டு.

துப்பறிவாளர்களின் பெயர் கிரேவ் டிக்கர் ஜோன்ஸ், காஃபின் எட் ஜான்சன். குழிவெட்டி, சவப்பெட்டி என்று பொருள்படும் பட்டப்பெயர்கள். ஹார்லெம் மக்கள் அஞ்சும் பெயர்கள். இவர்கள் சந்தேகப்படுவோரை அடிக்கிறார்கள். வாக்குமூலத்தை அடித்தே வாங்குகிறார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டு அடிக்கப்பட்ட மனிதர், தன் கதாநாயகர்கள் கையிலும் அதே தடியைக் கொடுத்திருக்கிறார். போலீஸ் வன்முறையை அறிந்த நம் வாசகர் இதைச் சும்மா கடந்துபோகக் கூடாது.

ஆனால் ஹைம்ஸ் அவர்களை வெற்றிபெற்ற நாயகர்களாக விட்டுவைக்கவில்லை. முதல் நாவலிலேயே காஃபின் எட்டின் முகத்தில் அமிலம் வீசப்படுகிறது. அந்தத் தழும்போடும் அதிலிருந்து வந்த வெறியோடும்தான் அவன் அடுத்த நாவல்களில் நடமாடுகிறான். வெள்ளை மேலதிகாரிகளுக்கு இவர்கள் அடியாட்கள், ஹார்லெமுக்குத் துரோகிகள். தங்களுக்கு மேலே இருக்கும் பெரிய குற்றவாளிகளைத் தொட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1969இல் வந்த கடைசி நாவலில் வழக்கே துப்புத் துலங்குவதில்லை. கண் தெரியாத ஒருவன் கூட்டத்துக்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுடுகிறான் என்பதாக அது முடிகிறது. அதிகாரத்துக்குள் நம் ஆள் ஒருவர் போய்விட்டால் நீதி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை எட்டு நாவல்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்திருக்கிறார். காக்கிச் சட்டைக்குள் நம் பிள்ளைகள் போகும் இந்தக் காலத்தில் நாமும் பேச வேண்டிய விஷயம் இது.

பெண்கள் விஷயத்தில் இத்தகைய சமாதானம் சொல்ல முடியாது. இமபெல் பெரும்பாலும் ஆண்களின் ஆசையால் பார்க்கப்பட்டவள். அவளுடைய வெளிர்நிறத் தோல் திரும்பத் திரும்ப வருணிக்கப்படுகிறது. அவள் எதற்காக ஓடுகிறாள், எவனிடமிருந்து தப்பினாள் என்பது கதைக்குள் இருந்தும், கதை அவள் பக்கம் நின்று அதைக் கேட்கவில்லை. ஜாக்சன் இழந்தது 1,500 டாலர் என்று கணக்கெழுதிய நாவல் அவளுடைய நஷ்டத்துக்குக் கணக்கே வைக்கவில்லை. இந்த வகை நாவலை நம்மில் யாராவது எழுதும்போது, அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

ஃபகீராவும் ஜாக்சனும்

இப்போது சாத்தேயிடம் வருவோம். ஃபகீரா மாங் சாதியைச் சேர்ந்த இளைஞன். பஞ்சம் வருகிறது. சேரி பட்டினியில் சாகிறது. களஞ்சியத்தில் தானியம் இருக்கிறது. ஃபகீரா கொள்ளையடித்துப் பங்கிடுகிறான். பிறகு அரசுக் கருவூலத்தையும் கொள்ளையிடுகிறான். அரசு அவனுடைய மக்களைப் பிணையாகப் பிடித்துவைக்கிறது. அவர்களைக் காப்பாற்ற அவன் தானே வந்து சரணடைகிறான். சாத்தே இந்த நாவலை அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார்.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு பளிச்செனத் தெரியும். ஃபகீராவின் கொள்ளை வெற்றிபெறுகிறது. ஹார்லெம் கொள்ளைகள் சொதப்புகின்றன. ஃபகீராவுக்குப் பின்னால் ஒரு சேரி நிற்கிறது. எடுத்ததை எங்கே கொண்டுபோவது என்ற சிக்கல் அவனுக்கு இல்லை. பசித்த வயிறுகள் காத்திருக்கின்றன. ஜாக்சனுக்குப் பின்னால் யாரும் இல்லை. நகரம் அவனைத் தனியனாக்கிவிட்டது. பத்தை நூறாக்கும் கனவும் தனி மனிதனின் கனவு. ஊரில் கூட்டாகப் பசித்தவர்கள் நகரத்தில் தனித்தனியாக ஏமாறுகிறார்கள்.

ஒற்றுமை சட்டத்தில் இருக்கிறது. 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது விரிவாக்கப்பட்டு, சென்னை மாகாணம் உட்பட எங்கும் செல்லுபடியானது. ஒரு சமூகத்தில் பிறந்ததே குற்றம். நாள்தோறும் போய் ஆஜர் கொடுக்க வேண்டும், அனுமதியில்லாமல் ஊர் தாண்டக் கூடாது. ஃபகீராவில் மாங் மக்கள் மேல் ஏவப்படும் ஆஜர் முறை சாத்தேயின் கற்பனை அல்ல. 1952இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அந்த இடத்தில் பழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன.

சட்டம் போனாலும் கண் போகவில்லை. "ஜெய் பீம்" படத்தின் மூலம் நம்மில் பலர் அறிந்த 1993ஆம் ஆண்டு வழக்கை நினைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் நகை காணவில்லை. கடலூர் மாவட்டத்து ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார், உயிரோடு திரும்பவில்லை. அவருடைய மனைவி உயர் நீதிமன்றம்வரை போய்ப் போராடினார். அங்கே ஒரு திருட்டு நடந்ததாகச் சொல்லப்பட்டது. அதற்குப் பதிலாக ஓர் உயிர் எடுக்கப்பட்டது. எது பெரிய குற்றம் என்று ஹைம்ஸின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

நமக்கு இதில் என்ன

நம் எழுத்திடம் பொதுச் சமூகம் ஒன்றையே எதிர்பார்க்கிறது: அழுகை. நாம் அழுதால் அவர்கள் உருகுவார்கள், உருகியபின் வீட்டுக்குப் போவார்கள். ஹைம்ஸும் முதலில் தன் காயத்தை நேரடியாக எழுதினார். பிறகு பணத்துக்காக எழுதத் தொடங்கிய குற்ற நாவல்தான் அவரை வெகுமக்களிடம் கொண்டுபோனது. அரை மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து படிக்கிறவரும் சிரித்துக்கொண்டே ஹார்லெமின் வாடகை, கூலி, பசி, போலீஸ் எல்லாவற்றுக்குள்ளும் இழுத்துச் செல்லப்படுகிறார். வாசகர் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வதில் அவரும் போவாடா பாடிய சாத்தேயும் ஒரே பள்ளிக்கூடம்.

நம் வெகுஜனக் குற்றக் கதைகளில் சேரி அடிக்கடி வருகிறது. அடியாளாக, கஞ்சா விற்பவனாக, கடைசி அத்தியாயத்தில் என்கவுன்டரில் சாகிறவனாக. அவனுக்கு வீடு இருக்காது, சேமிப்பு இருக்காது, அம்மா இருந்தாலும் பிணத்தின் மேல் விழுந்து அழ மட்டுமே இருப்பாள். அவன் எதை மீட்கத் திருடினான் என்று கதை கேட்பதில்லை. குற்றம் எங்கே தொடங்கியது என்ற இடத்தை மாற்றிப்போடுவதுதான் இங்கே வேலை. கதை நகை காணாமல் போன காலையில் தொடங்குகிறதா, அந்த நகையை வாங்கிய நிலம் யாரிடமிருந்து போனது என்ற நாளில் தொடங்குகிறதா? பஞ்சமி நிலம் பறிபோன கதை நம் மாவட்டங்களில் எத்தனை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்திரம் இருக்கிறது, கள்ளக் கையெழுத்து இருக்கிறது, மிரட்டல் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. குற்ற நாவலுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. எழுத ஆள்தான் வேண்டும்.

ஆபத்தும் உண்டு. நம் ஆள் திருடினான் என்று நாமே எழுதினால், அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஹைம்ஸ் மேலும் அந்தக் குற்றச்சாட்டு வந்தது. நம் பாத்திரங்கள் எல்லோரும் புனிதர்களாக இருந்தால்தான் அவர்கள்மேல் இழைக்கப்படும் அநீதி அநீதியாகும் என்றால், அந்த நிபந்தனையே இன்னொரு ஆஜர் பதிவேடு. ஜாக்சன் முதலாளியின் பணத்தைத் திருடினான். அது தவறுதான். 1,500 டாலர் அவனிடமிருந்து பறிக்கப்பட்டதும் தவறுதான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடிய துணிவு வேண்டும்.

எனவே இந்த ஆண்டு மன்றத்தின் வாசிப்பு வட்டத்தில் குற்ற நாவல்களையும் சேர்த்துப் படிப்போம் என்று முன்வைக்கிறோம். இளைய தோழர்கள் எழுத முன்வந்தால், கதையாக எழுதுங்கள், வேகமாக எழுதுங்கள், சிரிக்கவும் வையுங்கள். எழுதுமுன் ஒரு தாளில் இரண்டு கணக்குகளை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் சில்லறைத் திருடன் எடுத்தது எவ்வளவு, அவனிடமிருந்தும் அவன் வீட்டுப் பெண்களிடமிருந்தும் அதுவரை எடுக்கப்பட்டது எவ்வளவு.

ஜெய் பீம்.